செவிலிப் புரதம்: ஈஸ்டின் ஒரு மரபணு கூறும் செய்தி

முன்னுரை

உயிரியல் கற்போர் இன்று அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘சேப்பரோன்’ என்பது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல் இது. மேலைநாட்டு உயர்குடியினரிடையே மணமாகாத இளம்பெண் வெளியிடங்களுக்குச் செல்லுங்கால், தகாத தொடர்பு நேராவண்ணம் உடன்சென்று காக்கும் மூத்த பெண்ணை அது குறித்தது. அறிவியலார் அச்சொல்லை எடுத்து, உயிரணுவுக்குள் பிற புரதங்களைக் காக்கும் ஒருவகைப் புரதங்களுக்குப் பெயராக இட்டனர். அகப்பாடல்களைப் பயின்ற தமிழ் மாணவருக்கு இவ்விளக்கத்தைக் கேட்டவுடன் செவிலித்தாய் நினைவுக்கு வருவாள். தலைவியைப் பெற்றவள் நற்றாய். உடனிருந்து பேணி, அவள் இயல்பு கெடாமல் வளர்ச்சி நிறைவெய்தக் காப்பவள் செவிலி. ஆகவே இக்கட்டுரையில் ‘சேப்பரோன்’ என்பதைச் ‘செவிலிப் புரதம்’ என்றே வழங்குவோம்.

செவிலிப் புரதங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது கண்டறியப்பட்ட வரலாற்றையும் செயற்படும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அது ஈஸ்ட் எனும் நுண்ணுயிரின் மைட்டோகாண்ட்ரியாவில் பணிபுரிவது, எச்.எஸ்.பி.60 என்னும் மரபணுவால் ஆக்கப்படுவது.

புரதமும் அதன் வடிவும்

எழுத்துகள் நிரல்பட நின்று சொல்லாவது போல, இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதம் ஆகின்றது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்பதை மரபணு வரையறுக்கின்றது. ஆயினும் கோத்த சங்கிலி அப்படியே பயன்படுவதில்லை. அது தனக்கே உரிய முறையில் மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண வடிவத்தை அடைதல் வேண்டும். வடிவம் அமைந்தால் நொதி வேலை செய்யும்; அமையாவிடில் அது பயனற்ற நூற்சிக்கலே.

இவ்வடிவம் எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்க அறிஞர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் மடிப்பை அவர் வேதிப்பொருள்களால் அவிழ்த்தார். பின்னர் அவ்வேதிப்பொருள்களை நீக்கினார். சோதனைக் குழாயில், வேறெவர் உதவியுமின்றி, அது மீண்டும் தன் பழைய வடிவத்தை அடைந்து செயற்படத் தொடங்கியது. வடிவம் முழுவதும் சங்கிலியின் வரிசைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது என்பது இதனால் தெளிவாயிற்று. இதற்காக 1972-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு வழங்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்புக்குப் பின், புரதங்கள் உயிரணுவுக்குள்ளும் தாமே மடிந்துகொள்கின்றன என்பதே அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது. ஆனால் சோதனைக் குழாய் வேறு, உயிரணு வேறு. குழாயில் நீர் மிகுதி, புரதம் குறைவு. ஒன்றோடொன்று மோதுவது அரிது. உயிரணுவுக்குள்ளோ சந்தைக் கடைத்தெரு போன்ற நெரிசல். மேலும், புரதச் சங்கிலியில் நீரை விரும்பாத பகுதிகள் உள்ளன. முழுமையாக மடிந்த புரதத்தில் அவை உள்ளே மறைந்திருக்கும். மடியும் தறுவாயிலோ அவை வெளியே தெரியும். அருகிலுள்ள வேறொரு சங்கிலியின் அத்தகைய பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்றாய்ப் பல ஒட்டினால் கட்டியாகும். முட்டையை வேகவைக்கும்போது தெளிந்த வெண்கரு வெண்ணிறக் கட்டியாக இறுகுவது இதுபோன்றதே. சூட்டால் மடிப்பவிழ்ந்த புரதங்கள் தம்முள் சிக்கிக்கொள்கின்றன. ஆறவைத்தாலும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் வாயில்

இச்சிக்கல் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் மைட்டோகாண்ட்ரியா. இழைமணி என்றும் இதனைத் தமிழில் கூறுவர். உயிரணுவுக்குள் இரட்டைச் சவ்வால் சூழப்பட்ட உறுப்பு இது. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுப்பது. தொல்பழங்காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றலே மைட்டோகாண்ட்ரியா என்பது இன்று உயிரியலார் ஏற்றுக்கொண்ட முடிபு. அதற்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு. எனினும் ஈஸ்டில் அந்த டி.என்.ஏ. ஆக்கும் முதன்மைப் புரதங்கள் எட்டே. ஏனைய ஆயிரம் அளவிலான புரதங்களுக்குரிய மரபணுக்கள் உட்கருவில் உள்ளன. அப்புரதங்கள் வெளியே ஆக்கப்பட்டு உள்ளே கொண்டுவரப்படுகின்றன.

இவ்வாறு உள்ளே செல்லவேண்டிய புரதங்களுள் பலவற்றின் தொடக்கத்தில், இலக்கணத்தில் கூறும் முன்னொட்டுப் போல ஒரு சிறு பகுதி இணைந்திருக்கும். அதுவே முகவரி. சேர்ந்தபின் அது வெட்டி நீக்கப்படும். சவ்விலுள்ள வாயிலோ மிகக் குறுகியது. மடிந்த புரதம் அதில் நுழையாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காட்ஃபிரீட் ஷாட்ஸ் என்பாரின் ஆய்வகம் 1986-இல் இதனைக் காட்டியது. ஒரு புரதத்தை அதனோடு இறுகப் பிணையும் மருந்தொன்றால் மடிந்த நிலையிலேயே நிறுத்தியபோது, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்ல இயலவில்லை.

ஆகவே புரதம் அவிழ்ந்த சங்கிலியாகவே உள்ளே நுழைகின்றது. நுழைந்தபின் அது தானே மடிகின்றதா, அல்லது மடிவதற்குத் துணை ஏதேனும் வேண்டுமா? 1987 வரை இவ்வினாவை எழுப்பியோரே சிலர்தாம்.

ஒரு குறையிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹார்விச் பணியாற்றிவந்தார். அவர் குழந்தை மருத்துவர். ஓ.டி.சி. எனச் சுருக்கமாகக் கூறப்படும் ஆர்னித்தின் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்னும் நொதியில் அவருக்கு நாட்டம் இருந்தது. மனிதரின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்துகொண்டு, உடலில் தோன்றும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் பணியில் பங்கேற்பது இந்நொதி. இது குறைவுற்றுப் பிறக்கும் குழந்தைகளின், குறிப்பாக ஆண் குழந்தைகளின், குருதியில் அம்மோனியா பெருகி, மூளை தாக்குண்டு, பிறந்த சில நாள்களிலேயே உயிருக்கு இறுதி நேரக்கூடும். இந்நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எவ்வாறு செல்கின்றது என்று அறிய முற்பட்ட ஹார்விச், மனித மரபணுவை ஈஸ்டுக்குள் செலுத்தினார்.

ஈஸ்ட் ஏன் என்னும் வினா எழலாம். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் இவ்வெளிய உயிர் ஒற்றைச் செல்லால் ஆனது. ஆயினும் அதன் உயிரணு அமைப்பு நம் உயிரணுவின் அமைப்பை ஒத்தது. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் அதற்கு உண்டு. சில மணி நேரத்தில் பல்கிப் பெருகும். எந்த மரபணுவையும் மாற்றிப் பார்க்கலாம். உட்கரு உடைய உயிரினங்களுள் முதன்முதலாக 1996-இல் முழு மரபணுத் தொகுதியும் படித்தறியப்பட்டது ஈஸ்டுக்கே. 16 குரோமோசோம்களில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் அதில் உள்ளன.

இன்றியமையாத மரபணு ஒன்றைக் கெடுத்தால் உயிரே போய்விடும். பின் எதனை ஆராய்வது? இதற்கு ஆய்வாளர் ஒரு வழி வைத்திருந்தனர். தாழ்ந்த வெப்பநிலையில் இயல்பாக வாழ்ந்து, 37 டிகிரி செல்சியசில் மட்டும் குறை வெளிப்படும் மாற்றுருவங்களைத் தெரிந்தெடுத்தனர். ஹார்விச்சும் அவரோடு பணியாற்றிய மிங் செங்கும் அத்தகைய ஈஸ்ட்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். அவற்றுள் ஒன்றில் வியப்பான நிலை காணப்பட்டது. வெப்பநிலையை உயர்த்தியபின் ஆக்கப்பட்ட ஓ.டி.சி. மைட்டோகாண்ட்ரியாவை அடைந்தது, உள்ளே நுழைந்தது, அதன் முன்னொட்டும் வெட்டப்பட்டது. ஆனால் நொதி வேலை செய்யவில்லை. மூன்று அலகுகள் ஒன்றிணைந்தால்தான் ஓ.டி.சி. செயற்படும், அவ்விணைப்பு நிகழவேயில்லை. ஈஸ்டுக்கே உரிய வேறு மைட்டோகாண்ட்ரியப் புரதங்களும் அவ்வாறே வடிவம் பெறாமல் கிடந்தன.

வந்த விருந்தினர் வாயிலைக் கடந்துவிட்டனர். உள்ளே வரவேற்று இருக்கை காட்டுவார் இல்லை என்பது போன்ற நிலை இது. வரிசையில் பிழையில்லை, பயணத்தில் தடையில்லை. எனினும் வடிவம் இல்லை. புரதம் மடிவதற்கு உயிருள்ள உயிரணுவில் ஒரு துணை வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அம்மாற்றுருவத்துக்கு மிஃப்4 என்று பெயரிட்டனர்.

குறையுற்ற மரபணு எது என ஆராய்ந்தபோது, அயோவாவில் ரிச்சர்டு ஹால்பெர்க்கின் குழுவினர் வேறு வழியில் கண்டறிந்திருந்த எச்.எஸ்.பி.60 மரபணுவே அது என்று தெரிந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த வால்டர் நாய்பெர்ட், உல்ரிச் ஹார்ட்ல் ஆகியோரும் இவ்வாய்வில் இணைந்தனர். 1989-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. ஹார்ட்ல், ஹார்விச் இருவருக்கும் 2011-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

பெயரும் உறவும்

எச்.எஸ்.பி. என்பது வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 60 என்பது அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 60,000 என்பதைக் குறிக்கும். 1962-இல் இத்தாலியரான ஃபெருச்சியோ ரிடோசா, பழ ஈக்களின் உயிரணுக்களில் சூடு மிகுந்தபோது சில மரபணுக்கள் விரைந்து விழிப்புறுவதைக் கண்டார். சூடு புரதங்களைச் சிதைக்கும். சிதைவைத் தடுக்கும் புரதங்களை உயிரணு உடனே ஆக்கிக்கொள்ளும் என்னும் விளக்கம் பின்னரே கிடைத்தது.

எனினும் எச்.எஸ்.பி.60 சூடுற்ற வேளைக்கு மட்டும் உரியதன்று. அம்மரபணுவை முற்றிலும் நீக்கினால் எந்த வெப்பநிலையிலும் ஈஸ்ட் வாழாது. இதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஈஸ்ட் மூச்சு விடாமலும் வாழவல்லது, சர்க்கரையைப் புளிக்கவைத்தே ஆற்றல் பெறும், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. முழுவதையும் இழந்தும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எச்.எஸ்.பி.60 இன்றிப் பிழையாது. ஏனெனில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த நுண்தொகுதிகளை ஆக்குதல் முதலிய பணிகள், மூச்சு நின்றபோதும் மைட்டோகாண்ட்ரியாவில் நடந்தே தீரவேண்டும். அப்பணிக்குரிய புரதங்களும் மடிப்புப் பெறவேண்டியவையே.

இப்புரதத்தின் அமினோ அமில வரிசை, பாக்டீரியாவிலுள்ள குரோ-இ-எல் எனும் புரதத்தின் வரிசையோடு ஏறத்தாழப் பாதியளவு ஒத்திருக்கின்றது. தாவரங்களின் பசுங்கணிகத்திலும் இதன் உறவுப் புரதம் உண்டு; அதனை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ஜான் எல்லிஸ். ரான் லாஸ்கி 1978-இல் வேறொரு புரதத்துக்கு இட்ட ‘சேப்பரோன்’ என்னும் பெயரை 1987-இல் இவ்வகைப் புரதங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக விரித்தவரும் அவரே. பாக்டீரியா மைட்டோகாண்ட்ரியாவாகக் குடிபுகுந்தபோது தன் செவிலியையும் உடனழைத்து வந்தது எனலாம். பிற்காலத்தில் அச்செவிலியின் மரபணு உட்கருவுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அது ஈஸ்டின் 12-ஆம் குரோமோசோமில் உள்ளது.

தனியறையின் அமைப்பு

செவிலி எவ்வாறு பணி செய்கின்றாள்? எச்.எஸ்.பி.60 சங்கிலி ஒவ்வொன்றும் 572 அமினோ அமிலங்கள் கொண்டது. முன்னொட்டு இதில் அடங்கும். ஏழு சங்கிலிகள் வட்டமாகக் கூடி ஒரு வளையமாகும்; இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். நடுவே வெற்றிடம். எச்.எஸ்.பி.10 என்னும் சிறு புரதத்தின் ஏழு அலகுகள் கூடி அதற்கு மூடியாகும். இதன் நுணுக்கங்கள் பாக்டீரியாவின் குரோ-இ-எல் புரதத்தில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. 1994-இலும் 1997-இலும் ஹார்விச்சும் பால் சிக்லரும் தம் குழுவினரோடு எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வாயிலாக இவ்வமைப்பைத் தெளிவாகப் படம் பிடித்தனர்.

வளையத்தின் வாய்ப்பகுதி நீரை விரும்பாதது. மடியாத புரதத்தின் நீர் விரும்பாப் பகுதி அதில் வந்து ஒட்டுகின்றது. பின்னர் ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறுகள் வந்து இணைகின்றன, மூடி பொருந்துகின்றது. உடனே வளையத்தின் சுவர் உருமாறி, உட்புறம் நீரை விரும்புவதாகிவிடுகின்றது. ஒட்டியிருந்த புரதம் விடுபட்டு அறைக்குள் தனித்து விழுகின்றது. அங்கே நெரிசல் இல்லை. ஒட்டிக்கொள்ள வேறு சங்கிலி இல்லை. அத்தனிமையில் அது மடிகின்றது. சில விநாடிகளில் ஏ.டி.பி. செலவாகி மூடி திறக்கின்றது. மடிந்திருந்தால் புரதம் வெளியேறிப் பணிக்குச் செல்லும். மடியாவிடில் மீண்டும் பற்றப்பட்டு மற்றொரு வாய்ப்புப் பெறும்.

இங்கு ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். செவிலிப் புரதம் தன் வடிவத்தைப் பிறவற்றின்மேல் அச்சாகப் பதிப்பதில்லை. வெவ்வேறு புரதங்கள் அதே அறைக்குள் சென்று வெவ்வேறு வடிவங்களோடு வெளிவருகின்றன. வடிவம் அவ்வச் சங்கிலிக்குள்ளேயே இருக்கின்றது என்ற அன்ஃபின்சனின் முடிபு பொய்க்கவில்லை. அவ்வடிவம் வெளிப்படத் தேவையான இடமும் காவலும் மறுவாய்ப்புமே செவிலி தருவன. புரத வரிசையைக் கொண்டு இறுதி வடிவத்தைக் கணிக்கும் கணினி முறைக்கு 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதுவும் வடிவம் வரிசையில் உள்ளது என்பதையே உறுதி செய்கின்றது. ஆயினும் சேருமிடத்தைக் கணித்தல் வேறு. இடர் நிறைந்த வழியில் ஊறின்றிச் சென்று சேர்தல் வேறு.

செவிலிக்கும் செவிலி வேண்டும்

இனி, மிகவும் ஆழ்ந்து எண்ணத்தக்க ஒரு செய்தி. எச்.எஸ்.பி.60-உம் ஒரு புரதமே. அதுவும் வெளியே ஆக்கப்பட்டு, அவிழ்ந்த சங்கிலியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதே. அப்படியாயின் அதனை மடித்து வளையமாக்குவது யார்?

செங், ஹார்ட்ல், ஹார்விச் மூவரும் 1990-இல் இதற்கு விடை கண்டனர். மிஃப்4 ஈஸ்டுக்குள் குறையற்ற எச்.எஸ்.பி.60 மரபணுவைச் செலுத்தினர். வெப்பநிலையை உயர்த்துமுன் அம்மரபணுவை இயக்கியபோது நல்ல வளையங்கள் உருவாயின. உயர்த்தியபின், அதாவது பழைய செவிலிகள் செயலற்றுப் போனபின் இயக்கியபோது, நல்ல சங்கிலிகள் உள்ளே வந்தும் வளையமாகக் கூடவில்லை. புதிய எச்.எஸ்.பி.60 வடிவம் பெறுவதற்கு, முன்னரே வடிவம் பெற்ற எச்.எஸ்.பி.60 இருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இதனால் பெறப்படுவது யாது? மரபணு மட்டும் கைம்மாறினால் போதாது. செயற்படும் செவிலியும் கைம்மாற வேண்டும். ஈஸ்டின் தாயணுவிலிருந்து சேயணு அரும்பும்போது, தாயின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு பகுதி சேய்க்குள் செல்கின்றது. அதனுள் பணியாற்றும் வளையங்களும் உடன்செல்கின்றன. அவை சேயின் புதிய சங்கிலிகளை மடிக்கும். மடிந்தவை அடுத்தவற்றை மடிக்கும். நூலில் எழுதிவைத்த விதி ஒருபுறம்; ஆசானிடம் மாணாக்கன் நேரே பெறும் பயிற்சி மறுபுறம். இரண்டும் சேர்ந்தே கல்வி நிலைபெறுவது போல, எழுத்தும் இடையறாத் தொடர்ச்சியும் சேர்ந்தே உயிர் நிலைபெறுகின்றது.

மனிதரிடத்தில்

ஈஸ்டில் கண்ட இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்தும். நம் உடலிலும் இதே புரதம் உண்டு. அதில் 573 அமினோ அமிலங்கள். அவற்றுள் ஒன்று மாறினாலும் தீங்கு நேரக்கூடும் என்பதை மருத்துவர் கண்டுள்ளனர். கால்கள் மெல்ல விறைத்து வலுவிழக்கும் பரம்பரை நோய் ஒன்றுக்கு இப்புரதத்தின் ஒரு மாற்றமே காரணம் என 2002-இல் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் அறியப்பட்டது. மூளையின் நரம்பிழை உறை சரிவர உருவாகாமல், குழவிப் பருவத்திலேயே தொடங்கும் கொடிய நோய்க்கு மற்றொரு மாற்றம் காரணம் என்பது 2008-இல் தெரியவந்தது. நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் வழக்கமுடைய பெதோயின் இனக் குடும்பம் ஒன்றில் அது கண்டறியப்பட்டது.

இவ்விரண்டாம் வகையில், குறையுற்ற மரபணுவைத் தாயும் தந்தையும் ஆளுக்கொன்று தந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும்; பெற்றோர் நலமாகவே இருப்பர். பெற்றோர் இருவரும் ஒரே முன்னோரின் வழியினராயின், அவ்விருவரிடமும் அதே குறை மறைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. இந்நோய் மிக அரியதே. எனினும் இவ்வாறு மறைந்து வரும் பிற நோய்கள் பல. உறவுக்குள் மணம் முடித்தல் தமிழகத்திலும் சமய வேறுபாடின்றி நிலவும் வழக்கம் ஆதலின், பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். உறவுத் திருமணம் அனைத்தும் நோயில் முடியும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் குடும்பத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்திருப்பினும், நரம்பு நோயுற்றிருப்பினும், மணத்திற்கு முன் மரபியல் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் அறிவுடைமை. அவ்வகையில் பிறந்த குழந்தைக்காகத் தாயைப் பழித்தல் அறியாமை.

முடிவுரை

எளிய ஈஸ்டின் ஒரு மரபணு நமக்குக் கூறும் செய்தி இதுவே: ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் அதற்குரிய வடிவம் முன்னரே அடங்கியுள்ளது; அதனை வேறெவரும் வெளியிலிருந்து புகுத்துவதில்லை. ஆயினும் நெரிசலிலிருந்து சற்றே விலக்கி, தனித்து மடிய இடம் தந்து, முதல்முறை தவறினால் மறுமுறை வாய்ப்பளிக்கும் காப்பு இன்றி அவ்வடிவம் வெளிப்படுவதில்லை. அக்காப்பைத் தருவதும் முன்பு ஒரு காப்பைப் பெற்றதே.

குழந்தைகளைத் தாக்கும் நோயைத் தேடிச் சென்ற மருத்துவர், ரொட்டி மாவின் நுண்ணுயிரில் உயிரின் பொதுவிதி ஒன்றைக் கண்டார். இத்தகைய செய்திகளை மாணவர் தம் மொழியில் கற்றல் வேண்டும். அதற்குரிய சொற்கள் தமிழுக்குப் புதியனவாக இருக்கலாம். ஆனால் அவற்றுக்குரிய பொருள்களுட் சில நம் மரபில் முன்னரே உள்ளன. செவிலி என்னும் சொல் அவற்றுள் ஒன்று.